நிக்டி மாடசாமியின் ஊமைக் கார்டு

அக்கம்பக்கத்தில் யாருக்காவது நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் என்று சொன்னால் மாடசாமி, "ரெண்டு நாள்ல விட்டுரும்" என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வார். யாருடைய கம்ப்யூட்டர் கார்டாவது எண்பத்தேழு டிகிரியில் கொதிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். பேப்பர் ஒரு பக்கம் பறக்கும். கால் தானாகச் செருப்பைத் தேடும். பூனாவை ஒட்டிய நிக்டியில் அவரை மாடசாமி என்று கூப்பிடுகிறவர்கள் மனைவி பவுனின் சொந்தக்காரர்கள் மட்டும்தான். மற்றவர்களுக்கு அவர் தண்டா அண்ணா. மராத்திப் பையன்கள் வைத்த பெயர். குளிர்ச்சியான அண்ணன் என்று அர்த்தம். ஆளைப் பார்த்து வைத்ததில்லை, வேலையைப் பார்த்து வைத்தது. ஆள் எப்போதும் கொதிநிலையில்தான் இருப்பார்.

கார்டு என்றால் ரேஷன் கார்டு இல்லை. கம்ப்யூட்டரில் படம் காட்டுகிற வேலைக்கென்றே தனியாக ஒரு அட்டை உண்டு, கிராஃபிக்ஸ் கார்டு என்பார்கள். விளையாடுகிறவர்கள், படத்தை வெட்டி ஒட்டுகிறவர்கள், ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனிகளில் உட்கார்ந்து இயந்திரத்துக்கு அறிவு புகட்டுகிறவர்கள், எல்லோருமாக அதன் முதுகில்தான் ஏறியிருக்கிறார்கள். பாரம் கூடினால் அது சூடாகும். சூட்டை வாங்கிக் காற்றில் விடுவதற்கு அதன் தலையில் சீப்பு மாதிரி தகடு தகடாக ஒரு உலோகக் கட்டியை வைத்து, மேலே இரண்டு குட்டி ஃபேனையும் பொருத்தி விற்கிறார்கள். அந்தக் கட்டிக்கு ஹீட்சிங்க் என்று பெயர். கம்பெனிக்காரன் வைத்த ஹீட்சிங்கைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன் கையால் செய்த ஒன்றை அந்தத் தலையில் வைப்பதுதான் மாடசாமியின் வியாழக்கிழமை விளையாட்டு.

வியாழக்கிழமை எதற்கு என்றால், அன்றைக்குத்தான் அவருக்கு வார விடுமுறை. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. சான்றிதழோடு பத்தொன்பது வயதில் ரயிலேறி வந்தவர், இருபத்தைந்து வருடமாகத் தளேகாவில் ஒரே தொழிற்சாலையில் இருக்கிறார். பெரிய பெரிய கம்ப்ரஸர்களுக்குக் கூலர் செய்கிற இடம். அலுமினியத் தகடுகளைக் குழாயோடு சேர்த்துப் பற்றவைப்பது அவருடைய பகுதி. ஒவ்வொரு கூலரும் கல்யாண மண்டபத்தின் வாசல் கதவு அளவு. அதற்கு எதிரே அதே அளவில் ஒரு ஃபேன் நின்று ஊதும். "தகடு கூடக்கூடச் சூடு எறங்கும்" என்பது அங்கே வேதவாக்கு. ஃபோர்மன் சொன்னார், அவருடைய ஃபோர்மன் அவருக்குச் சொல்லியிருந்தார். யாரும் மறுத்ததில்லை.

கார்டுக்குள் அவரை இழுத்துவிட்டவர் சலீம். சிஞ்ச்வடில் பழைய கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். கட்கியில் பிறந்த தமிழர். சில வருடங்களுக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாத நாணயத்தைக் கம்ப்யூட்டரில் தோண்டி எடுக்கிறோம் என்று ஒரு கூட்டம் இரவு பகலாகக் கார்டுகளை வறுத்தெடுத்தது. நாணயத்தின் மவுசு குறைந்ததும் கார்டுகளை மூட்டை மூட்டையாகச் சலீம் கடையில் கொண்டுவந்து தள்ளியது. எதை ஓட்டினாலும் அடுப்பு.

"அண்ணே, ஃபேக்டரில என்னதான் செய்யிறீங்க?" என்று கேட்டார் சலீம்.

"சூட்டை எறக்குதோம்."

"அப்ப இதுக்கும் கொஞ்சம் எறக்கி வைங்களேன். கடைக்குள்ள நிக்க முடியல."

மாடசாமி ஒரு கார்டைக் கழற்றி அதன் ஹீட்சிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கல்யாணக் கதவைப் பற்றவைத்த கைக்கு அது பேன் சீப்பாகத் தெரிந்தது. "இதையா தலையில வச்சுருக்கான்? பாவம்லா" என்றார். அந்தப் பாவம் அவரை விடவில்லை. தொழிற்சாலையில் மிஞ்சும் துண்டுத் தகடுகளை எடை போட்டு, கேட் பாஸ் வாங்கி வெளியே எடுத்துவரலாம். சனிக்கிழமை தவறாமல் ஒரு பை அலுமினியம் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. கேட் காவலாளி ஒவ்வொரு வாரமும் எதற்கு என்று கேட்பார். "கர் கே லியே" என்பார் மாடசாமி. வீட்டுக்கு என்கிறாரே என்று, நிக்டியில் இந்த மதராஸி அலுமினியத்திலேயே மாடி கட்டுகிறான் போல என்று காவலாளி ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

முதல் கார்டு எண்பத்தேழிலிருந்து அறுபத்துநாலுக்கு இறங்கியது. அந்தக் கார்டின் சொந்தக்காரன் ஆகுர்டிப் பையன்; "அண்ணா, ஏக்தம் தண்ட!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். அதன் பிறகு வரிசை. மாடசாமி ஒரு விளையாட்டும் ஆடியதில்லை. திரையில் யார் யாரைச் சுடுகிறார்கள் என்பது தெரியாது. சுடும்போது கார்டு எத்தனை டிகிரி என்பது தெரியும். கார்டுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் பேஸ்ட் தடவுவதற்கு அவரிடம் ஒரே அளவு: "வெத்தலைக்குச் சுண்ணாம்பு. கூடுனா வாய் வேகும், கொறஞ்சா செவக்காது." நாலு திருகாணியையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, அரைத் திருகு அரைத் திருகாக இறுக்குவார். ஒரே மூலையை முதலில் இறுக்கினால் கார்டின் உயிர்ச்சில்லு ஓரத்தில் தெறித்துவிடும். அவர் செய்கிற ஹீட்சிங்கின் கனத்தில் கார்டு தொங்கிப்போகும் என்பதால், முட்டுக்கொடுக்க இட்லித் தட்டின் நடுத்தண்டைப் பயன்படுத்தினார். பளபளப்பு, உயரம், உறுதி எல்லாம் கச்சிதம். மூன்றாவது தண்டு காணாமல் போனபோது பவுன் அடுக்களையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"நாளையிலேருந்து இட்லிக்குப் பதிலா ஹீட்சிங்கையே அவிச்சுப் போடுதேன். சட்னி தொட்டுத் தின்னுங்க."

"ஏட்டி, ஒரு தண்டுக்கா இம்புட்டுப் பேச்சு?"

"ஒரு தண்டா? எண்ணுங்க."

மாடசாமி எண்ணவில்லை.

போன ஜனவரியில் சலீம் ஒரு புது ரகமான கோரிக்கையோடு வந்தார். கார்டைக் குளிர்விக்க வேண்டும். ஆனால் ஃபேனே கூடாது. ஒன்றுகூட.

"விளையாடுறவங்க இல்லண்ணே. குரல் குடுக்குற மேடம். இங்க பக்கத்துல, பிராதிகரண்ல இருக்காங்க."

மேடத்தின் பெயர் வைஜயந்தி, பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழை வீட்டில் பேசிக் கற்று, பின்னால் எழுத்துக்கூட்டி வாசித்து, அதையே தொழிலாக்கிக்கொண்டவர். வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுக்கிறார். சமையலறையை ஒட்டிய சாமான் அறைதான் அவருடைய ஸ்டுடியோ. சுவர் நாலிலும் சோலாப்பூர் போர்வை தொங்கும். கதவிடுக்கில் துண்டு திணித்திருக்கும். படத்தைப் பெரிதாக ஓடவிட்டு, வாயசைவைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். படம் ஓடினால் கார்டு சூடாகும், ஃபேன் சுற்றும், மைக் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கம்ப்யூட்டரை அடுத்த அறையில் வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அடுத்த அறையில் மாமனார் பட்டாபிராமன் இருக்கிறார். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் இல்லாத இடத்தில் எது ஓடிக்கொண்டிருந்தாலும் அணைத்துவிட்டு, அணைத்ததை அறிவிக்கவும் செய்வார்.

"பேசி அனுப்பினதை ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டா" என்றார் வைஜயந்தி, கார்டைப் பார்க்க வந்த மாடசாமியிடம். "பின்னாடி என்னமோ ரீங்காரம் கேக்கறதாம். எனக்குக் கேக்கலை. அவாளுக்குக் கேக்கறது. காட்டு விலங்குகளைப் பத்தின தொடர், ஐம்பத்திரண்டு பாகம். வர ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு டைரக்டரே மும்பைலேர்ந்து ஆன்லைன்ல உக்காந்து கேக்கப்போறார். அதுலயும் சத்தம் இருந்தா சென்னைக்குக் குடுத்துடுவா. அஞ்சு வருஷமா துண்டும் துக்கடாவுமா பேசிண்டிருக்கேன் மாடசாமி சார். முழுசா ஒண்ணு வர்றது இதுதான்."

"அதுல என்ன மேடம் இருக்கு?" என்றார் மாடசாமி. ஃபேன் இல்லாமல் ஒரு கார்டையும் அவர் அதுவரை குளிர்வித்ததில்லை. அந்த விஷயத்தை அவர் சொல்லவில்லை, வைஜயந்தியும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது. அவர் கண் ஏற்கெனவே கார்டைக் கழற்ற ஆரம்பித்திருந்தது. அங்கேயே அதன் இரண்டு ஃபேன்களையும் மேல்மூடியையும் வெட்டிப்போட்டார். இனிப் பழையபடி ஆக்க முடியாது. வைஜயந்தியிடம் இருந்ததோ அந்த ஒரு கார்டுதான். கம்ப்யூட்டரின் மற்ற ஃபேன்களைச் சலீம் முன்னமே நீக்கி வாயடைத்திருந்தார்.

மூன்று நாளில் மாடசாமி செய்தது ஹீட்சிங்கே இல்லை, சிறு கோட்டை. மூன்று விரல் தடிமனுக்கு ஒரு செப்புப் பலகை. அதில் அடுத்தடுத்துப் பள்ளம் கீறி, பள்ளத்துக்கு ஒன்றாக அலுமினியத் தகட்டை அடித்து இறக்கினார். மொத்தம் அறுபத்தொரு தகடு. இடையில் ஒரு தீக்குச்சிதான் நுழையும். தளேகாவ் வேதவாக்குப்படி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு. பெட்டி வேண்டாம் என்று ஒரு திறந்த சட்டம் செய்து, காற்று கீழிருந்து மேலே போகத் தோதாகக் கார்டை அதில் நிமிர்த்தி நிறுத்தினார். லோனாவாலா லோக்கல் ரயிலில் வேலைக்குப் போகும்போதுகூடப் பைக்குள் கையைவிட்டு ஒரு தகட்டை அரத்தால் ராவிக்கொண்டே போனார். எதிர் இருக்கைக்காரர் இரண்டு ஸ்டேஷன் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில் சோதனை. கார்டின் மூச்சை முட்டவைப்பதற்கென்றே ஒரு மென்பொருள் உண்டு, அதை ஓடவிட்டார். ஐம்பது. ஐம்பத்தைந்து. ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்றில் போய் நின்றது. ஒரு மணி நேரம் அசையவில்லை. ஒரு சின்ன முனகல்கூட இல்லை. மாடசாமி நாற்காலியிலிருந்து எழுந்து, சலீமுக்குப் போன் போட்டார்.

"அறுவத்தொண்ணு பாய்."

"எத்தனை ஃபேன்?"

"ஒண்ணுங் கெடையாது."

"அண்ணே, அந்த மேடத்த விடுங்க. நீங்க ராக்கெட்டுக்கே போயிருக்கணும்."

மறுநாள் மாலை பிராதிகரணில், போர்வைக்குள் இருந்த அந்தச் சாமான் அறையில், கோட்டையை நிறுவினார். துண்டைக் கதவிடுக்கில் திணித்தார்கள். வைஜயந்தி புலி வருகிற பாகத்தை ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். திரையின் மூலையில் எண் ஏறியது. அறுபத்தொன்று வந்தது. மாடசாமி மீசையைத் தடவினார். அறுபத்தொன்று போனது. எழுபது. எழுபத்தெட்டு. எண்பத்தைந்து. தொண்ணூற்றுநாலில் கார்டு தன்னைக் காத்துக்கொள்ள வேலையை நிறுத்தியது. திரையில் புலி தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றது.

வைஜயந்தி ஹெட்போனைக் கழற்றினார். "புலி எதையோ மோந்து பார்க்கறதா, இல்லை உங்க கார்டு உயிரை விட்டுடுத்தா?"

"பேஸ்ட்டு சரியாப் படியல மேடம்" என்றார் மாடசாமி. பேஸ்ட் படிந்திருந்தது அவருக்கே தெரியும்.

பட்டாபிராமன் வாசலில் வந்து நின்றார். "அணைச்சாச்சா?"

"தானே அணைஞ்சுடுத்துப்பா" என்றார் வைஜயந்தி. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் மாடசாமிக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு சார்" என்று மட்டும் சொன்னார். அதை ஆறுதலாகச் சொன்னாரா, கெடுவாகச் சொன்னாரா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மாடசாமிக்குப் புரியவில்லை.

கோட்டையை வீட்டுக்குத் தூக்கிவந்து கழற்றினார், துடைத்தார், சுண்ணாம்பு அளவில் பேஸ்ட் தடவினார், மூலைக்கு மூலை இறுக்கினார், ஓட்டினார். அறுபத்தொன்று! வீட்டில் சமர்த்து, பள்ளிக்கூடத்தில் அடங்காப்பிடாரி என்று சில பிள்ளைகள் உண்டு. கார்டிலும் உண்டு போலிருக்கிறது. அந்த வீட்டு மின்சாரம் சரியில்லையோ என்று யோசித்தார். போர்வையில் ஏதாவது கோளாறோ என்று யோசித்தார். பவுனுக்கு அவ்வளவு யோசனை தேவைப்படவில்லை.

"கண்ணு பட்டுருக்கும். இம்புட்டுத் தகடை ஒரே எடத்துல பாத்தா எவளுக்குத்தான் வயிறெரியாது?"

வியாழக்கிழமை காலை மறுபடியும் ஓடவிட்டு உட்கார்ந்தார். பத்து மணிக்கு மின்சாரம் போயிற்று. பராமரிப்பு என்று சொல்லி வியாழக்கிழமைகளில் அந்தப் பக்கத்தில் மின்சாரத்தை நிறுத்துவது வழக்கம். மாடசாமி வீட்டில் ஒரு இன்வெர்ட்டர் இருந்தது. அதில் கம்ப்யூட்டரை மட்டும்தான் இணைத்திருந்தார். குடும்பம் அதில் சேர்த்தி இல்லை. கம்ப்யூட்டர் இமைக்காமல் ஓடியது. எண் மட்டும் நகர்ந்தது. அறுபத்துமூன்று. அறுபத்தாறு. எழுபத்தொன்று.

இன்வெர்ட்டர் மின்சாரத்தில் சத்து இல்லையோ என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது பவுன் உள்ளே வந்தாள். வந்தவள் நின்று நாலு பக்கமும் பார்த்தாள்.

"என்னங்க, காதை அடைச்ச மாதிரி இருக்கு. வீடே செத்துக் கெடக்கு."

மாடசாமி தலையைத் தூக்கினார். உத்தரத்தில் ஃபேன் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அதற்கு மூன்று இறக்கை என்பதை அந்த வீட்டில் அவர் கண்ணால் பார்ப்பது அநேகமாக அதுதான் முதல் தடவை.

இந்தத் தப்பைச் செய்யச் சாத்தான்குளத்துக்காரர்களால்தான் முடியும். ஜனவரியில் பூனாவில் காலை பதினோரு டிகிரி. மராத்திக்காரர்கள் அக்டோபரிலேயே ஃபேனைத் துடைத்துத் துணி சுற்றிவிடுவார்கள். செம்மணல் தேரிக்காட்டு வெயிலில் வளர்ந்தவர்கள், குளிர் என்றால் ஃபேனை நிறுத்துவதில்லை. இன்னொரு கம்பளியை எடுப்பார்கள். ஃபேன் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது. தூக்கம் வராவிட்டால் ஊரில் யாருக்கோ என்னவோ என்று தோன்றும். மாடசாமி வீட்டு ஃபேன் பத்து வருடமாகச் சுற்றுகிறது. அதை யாரும் பார்ப்பதில்லை, கேட்பதில்லை. சுவரும் கூரையும் மாதிரி அதுவும் இருந்தது. ஃபேனே இல்லாத கார்டை நாற்பத்தெட்டு அங்குல ஃபேனுக்கு நேர்கீழே உட்காரவைத்துத்தான் அவர் அறுபத்தொன்று எடுத்திருக்கிறார்.

மாடசாமிக்குச் சிரிப்பு வந்தது. அழுகை வர வேண்டிய இடம், வந்ததோ சிரிப்பு. "ஏட்டி பவுனு, ராக்கெட்டுக்குப் போற ஆளைப் பாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் ஒரு கிறுக்கு யோசனை வந்தது. சாமி மாடத்திலிருந்து ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தினார்.

"கார்டுக்கேவா?" என்றாள் பவுன். "தேங்காயும் ஒடைச்சிருங்க."

ஊதுபத்தியைக் கோட்டையின் அடியில் பிடித்தார். அசையாத காற்றில் புகை நேராக மேலே போனது. தகடுகளின் வாயில் போய் முட்டியது. உள்ளே நுழையப் பார்த்தது, முடியவில்லை. இரண்டு பக்கமும் பிரிந்து வெளியே வழிந்து மேலே போய்விட்டது. மறுபடி பிடித்தார். மறுபடி அதே கதை. பவுன் குனிந்து பார்த்தாள்.

"இது காலம்பற ஆகுர்டி ஸ்டேஷன்லா? உள்ள நிக்கவன் நாலு பேரு எறங்குனாத்தானே வெளிய நிக்கவன் ஏற முடியும்?"

மாடசாமி ஊதுபத்தியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். தளேகாவில் எதிரே ராட்சத ஃபேன் நின்று காற்றைக் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளும். அதனால் எத்தனை தகடு வைத்தாலும் தகும். ஊதுகிறவன் இல்லாத இடத்தில் காற்று தானாக மனசு வைத்து ஏற வேண்டும். அதற்கு இடம் வேண்டும். ஃபோர்மன் பொய் சொல்லவில்லை. ஃபேன் நிற்கிற இடத்திலிருந்து சொன்னார்.

குறடு ஒன்றை எடுத்தார். ஒன்று விட்டு ஒன்று. முதல் தகட்டைப் பிடுங்கும்போது, மூன்று நாள் ராவிய கை தயங்கித் தயங்கி இழுத்தது. பத்தாவதில் தயக்கம் போய் வேகம் வந்தது. முப்பது தகடு தரையில் கிடந்தபோது கோட்டை, பல் விழுந்த கிழவன் மாதிரி இளித்துக்கொண்டு நின்றது. அசிங்கமாக இருந்தது. ஊதுபத்தியைப் பிடித்தார். புகை அடியில் நுழைந்து, தகட்டுக்குத் தகடு நூல் நூலாக ஏறி, உச்சியில் விறுவிறுவென்று வெளியே வந்தது.

"ஏறுது பாரு! ஏறுது பாரு!" என்று மாடசாமி குதித்ததில், கீழ்வீட்டு மராத்திக்கார அம்மாள் படியேறி வந்து, "காய் ஜாலே?" என்று கேட்டுவிட்டுப் போனார். என்ன ஆயிற்று என்பதைப் பவுனால் எந்த மொழியிலும் விளக்க முடியவில்லை.

மின்சாரம் வந்தபோது ஃபேன் சுவிட்சை அணைக்க வேண்டியிருந்தது. நாலு சுவிட்சில் எது ஃபேனுடையது என்று இரண்டு பேருக்கும் தெரியாமல், முதலில் விளக்கு போயிற்று, பிறகு டி.வி. போயிற்று. ஜன்னல்களை அடைத்தார்கள், கதவிடுக்கில் துண்டு வைத்தார்கள். எண் ஏறியது. எழுபது, எழுபத்தாறு, எழுபத்தெட்டு. நின்றது. மாடசாமிக்கு ஆசை விடவில்லை. தகட்டைப் பிடுங்கினால் சூடு இறங்குகிறதே, இன்னும் ஐந்தைப் பிடுங்கினால் என்ன? பிடுங்கினார். எண்பத்தொன்று ஆனது. மறுபேச்சுப் பேசாமல் ஐந்தையும் திரும்ப அடித்து இறக்கினார். எழுபத்தெட்டு. ஒரு மணி நேரம்.

"இப்பமாவது ஃபேனைப் போடலாமா?" என்றாள் பவுன், கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு, பிராதிகரண் சாமான் அறையில் மாடசாமி சட்டத்துக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு, எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். மும்பையிலிருந்து டைரக்டர் சூர்யநாராயணனின் குரல் வைஜயந்தியின் ஹெட்போனுக்குள் வந்தது. அது வெளியிலும் மெலிதாகக் கேட்டது. ஒரு நிமிடம் யாரும் பேச வேண்டாம், அறையை மட்டும் கேட்கிறேன் என்றார். கேட்டார். பிறகு சொன்னார்.

"மேடம், ஏதோ சத்தம் வருதே."

வைஜயந்தி மாடசாமியைப் பார்த்தார். மாடசாமி கார்டைப் பார்த்தார். அது கல் மாதிரி நின்றது.

"யாரோ மூச்சு விடுறாங்க மேடம்."

"நான்தான் சார்" என்றார் வைஜயந்தி.

"உங்க மூச்சு தெரியும். இது மலை ஏறிட்டு வந்த ஆம்பளை மூச்சு."

அந்த அறையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஒரே இயந்திரம் மாடசாமிதான். அவர் முட்டியால் நகர்ந்து வெளியே வந்தார். கதவு மூடியது, துண்டு இடுக்கை அடைத்தது. எண் உள்ளே, அவர் வெளியே.

கூடத்தில் பட்டாபிராமன் டி.வி. இல்லாமல் துறவி மாதிரி உட்கார்ந்திருந்தார். பேசக் கூடாது என்று கட்டளை. நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக் காட்டினார்: எத்தனை? மாடசாமி தோளைக் குலுக்கினார். பட்டாபிராமன் மறுபடி எழுதினார்: தெரியாதா? மாடசாமி பேனாவை வாங்கி எழுதினார்: தெரியாது. முப்பத்தாறு வருடம் ராணுவத்தின் கணக்கைப் பார்த்தவர் அந்தத் தாளைப் பார்த்த பார்வையில் எந்த ஜெனரலும் ராஜினாமா செய்திருப்பார்.

ஐம்பது நிமிடம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. வைஜயந்தி தலையை மட்டும் நீட்டினார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"முதல் பாகம் ஓகேங்கறார். ரெண்டாம் பாகத்தையும் இப்பவே பண்ணிடலாமான்னு கேக்கறார். சேர்ந்தாப்ல போனா குரல் ஒரே மாதிரி இருக்குமாம். கார்டு தாங்குமா சார்?"

மாடசாமி ஒரு மணி நேரத்துக்கு மேல் சோதிக்கவே இல்லை. கதவிடுக்கு வழியாக எண்ணைப் பார்த்தார். எண்பத்தொன்று. வீட்டில் வந்ததைவிட மூன்று கூடுதல். போர்வை போர்த்திய அறை. ஒரு மனுஷி பேசிப் பேசிச் சூடேற்றிய அறை. தாங்காது என்றால் அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நாளைக்குச் செய்யலாம் என்று டைரக்டர் ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்வார். தாங்கும் என்று சொல்லி, நடுவில் யானை தூக்கிய துதிக்கையை இறக்காமல் நின்றால் ஐம்பத்திரண்டும் சென்னைக்கு.

ஊதுபத்திப் புகை அவர் கண்ணுக்குள் நூல் நூலாக ஏறியது.

"தாங்கும் மேடம். நீங்க பேசுங்க."

அடுத்த ஐம்பது நிமிடம் எப்படிப் போயிற்று என்று மாடசாமியைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பட்டாபிராமனிடம் கேட்டால், "அந்த ஆள் என் வீட்டுத் தரை ஓடுகளை எண்ணினார். நூற்றுப்பன்னிரண்டு. தப்பு. நூற்றுப்பதினாலு" என்பார்.

கதவு முழுசாகத் திறந்தது. வைஜயந்தி ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார். "ஐம்பத்திரண்டும் எனக்குத்தான்னுட்டார். அறை அவ்வளவு அமைதியா இருக்காம். என்ன மைக்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீய?"

"கார்டுன்னு சொன்னா அவருக்குப் புரியுமா? மைக் பேரைச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோங்கோ சார்."

மாடசாமிக்கு அது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. அவர் ஏற்கெனவே உள்ளே புகுந்து எண்ணுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். "எம்பத்திரண்டு! ரெண்டு மணி நேரத்துக்கு எம்பத்திரண்டு! இதை நாலு மணி நேரம் ஓட்டலாம் மேடம். நிறுத்தாதிய, ஓடட்டும்!"

பட்டாபிராமன் காபியோடு வந்தார். எல்லோரும் அந்தக் கோட்டையை ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்று அவரும் பார்த்தார். செப்புப் பலகையின் விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தார். நல்ல சூடாக, தட்டையாக, தோதான உயரத்தில் இருந்தது. பார்த்துக்கொண்டு நின்றதில் ஆறிப்போயிருந்த காபி டம்ளரை அதன் மேல் வைத்தார்.

"அப்பா, எடுங்கோ, எடுங்கோ!" என்று பாய்ந்தார் வைஜயந்தி.

மாடசாமி கையை நீட்டித் தடுத்தார். எண்ணை உற்றுப் பார்த்தார்.

"எம்பத்தொண்ணு ஆயிருச்சு மேடம். அப்பிடியே இருக்கட்டும். சார், இன்னொரு டம்ளர் இருக்கா?"